படம் எடுக்க ஒன்று, ஆர்டர் எடுக்க ஒன்று

நடுத்தர பட்ஜெட்டில் வீடியோ கேமரா வாங்கப் போகிறவன், எந்தக் காலத்திலும், மண்டபத்தில் எல்லாரும் கேட்கிற கேமராவுக்கு ஒரு மாடல் கீழேதான் வாங்குவான். எண்பதுகளின் கடைசியில் நான் தொழிலுக்கு வந்தபோதும் அப்படித்தான். என் அக்கா மகன் செல்போனில் ஒப்பீட்டுப் பட்டியலை மேலும் கீழும் தள்ளிக்கொண்டிருக்கும் இன்றைக்கும் அப்படித்தான். நடுவில் மாறியது கேமராவின் எடையும் கடனின் பெயரும். அன்றைக்கு அடகு, இன்றைக்கு இ.எம்.ஐ.

கும்பகோணத்தில் நான் வேலை பழகிய ஸ்டூடியோவில் பேனசோனிக் எம் 7 இருந்தது. பின்னால் எம் 3000, எம் 9000 எல்லாம் வந்தன. வாடகைக்கு எடுத்துச் சினிமா பார்ப்போமே, அதே முழு அளவு வி.எச்.எஸ். கேசட்டை அப்படியே வாங்கிக்கொள்ளும். காலையில் மாப்பிள்ளை அழைப்புக்குத் தோளில் ஏற்றினால், இரவு வரவேற்பு முடிந்து இறக்கும்போது ஒரு பக்கத் தோள் தணிந்திருக்கும். எங்கள் ஊர் வீடியோகாரர்களைப் பின்னாலிருந்து பார்த்தே அடையாளம் சொல்லலாம்.

'எந்த கேமரா வாங்கலாம்' என்ற கேள்வியே அன்று கிடையாது. பர்மா பஜாரில் என்ன இருக்கிறது, சிங்கப்பூரிலிருந்து வருகிற மச்சான் எதைக் கொண்டுவருகிறார் என்ற இரண்டே கேள்விதான். மச்சான் அமெரிக்காவில் இருந்துவிட்டால் வந்தது வினை. அங்கே டி.வி. முறை என்.டி.எஸ்.சி., இங்கே 'பால்' முறை. அந்த ஊர் மின்சாரம் நொடிக்கு 60 முறை துடிக்கும், நம் ஊர் மின்சாரம் 50 முறை. அமெரிக்க கேமராவை நம் மண்டபத்து ட்யூப்லைட் வெளிச்சத்தில் ஓட்டினால் இரண்டு கணக்கும் ஒத்துப்போகாமல் படம் முழுக்க மினுக்கும். பெண் வீட்டார் வோல்டேஜ் சரியில்லை என்று மண்டப மேனேஜரிடம் சண்டைக்குப் போவார்கள். மச்சானைக் குறை சொல்ல முடியாதே.

அந்தக் காலத்து வி.எச்.எஸ்.ஸில் சிவப்பு ஓரிடத்தில் நிற்காது. கூரைப்புடவையின் அரக்கு, ஜரிகையைத் தாண்டி, பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் மாப்பிள்ளையின் பட்டு வேட்டி வரைக்கும் வழியும். அதற்கு ஒரு காப்பி எடுத்து, அந்தக் காப்பியிலிருந்து இன்னொரு காப்பி எடுத்தால், யார் மாப்பிள்ளை, யார் மாப்பிள்ளைத் தோழன் என்பது தெரிந்தவர்களுக்கு மட்டும் தெரியும். அதைப் பற்றி ஒருவரும் புகார் சொன்னதில்லை. புகார் எல்லாம் 'எங்க பெரியம்மா ரெண்டு தடவைதான் வர்றாங்க' என்பதுதான்.

கேமராவை விடப் பெரிய மரியாதை லைட்டுக்கு இருந்தது. 1000 வாட் ஹாலோஜன். அதைப் பிடிக்க ஒரு பையன். அவன் திரும்புகிற பக்கமெல்லாம் கூட்டம் நிமிர்ந்து உட்காரும். பந்தியில் லைட் விழுந்தால், சாம்பாரைப் பிசைந்துகொண்டிருந்த கை அப்படியே நின்று, முகம் மட்டும் கேமராவைப் பார்க்கும். மணப்பெண்ணின் பவுடர் வியர்வையில் கரைந்து கழுத்துக்கு வரும். வெளிச்சம் போதாத கேமராவுக்காகத்தான் அத்தனை சூடும் என்று யாருக்கும் தோன்றவில்லை. லைட் எரிந்தால்தான் வீடியோ கவரேஜ் உள்ள கல்யாணம். எரியாவிட்டால் அது வெறும் கல்யாணம்.

1995இல் மினி டி.வி. என்ற டிஜிட்டல் கேசட் வந்தது. உள்ளங்கையில் அடங்கும் அந்தக் கேசட்டுக்கு சோனி வி.எக்ஸ். 1000 என்று ஒரு கேமரா போட்டது. 2000இல் பி.டி. 150, 2003இல் பி.டி. 170. நான் சொந்தமாகத் தொழில் தொடங்கியபோது வாங்கியது பி.டி. 170. விலை ஒரு லட்சத்துக்கு மேல். ஒரு சீட்டு எடுத்தேன், வீட்டில் இருந்த வளையல்கள் மிச்சத்துக்கு வழிவிட்டன.

ஒரு கேமராவைத் தொழில் கேமரா என்று எதை வைத்துச் சொல்வது என்பதை அதில்தான் விரல் விரலாகக் கற்றுக்கொண்டேன். லென்ஸ் வழியே வரும் வெளிச்சத்தை ஒரு பட்டகம் சிவப்பு, பச்சை, நீலம் என்று பிரித்து, ஒவ்வொன்றையும் ஒரு தனி சில்லுக்கு அனுப்பும். மூன்று சி.சி.டி. என்பது அதுதான். கூரைப்புடவை முதல்முறையாகத் தன் எல்லைக்குள் நின்றது. 1 லக்ஸ் வெளிச்சத்திலும் ஏதோ ஒரு படம் கிடைக்கும் என்று போட்டிருந்தார்கள். அந்தப் படத்தில் புள்ளி மொய்க்கும் என்றாலும், விளக்கணைத்த மண்டபத்தில் எழுந்து நடக்கும் பாட்டி தெரிவார். மண்டபத்துக்குள்ளிருந்து வெயிலுக்கு ஓடும்போது ஒரு சுவிட்சைத் தள்ளினால் கண்ணாடி வடிகட்டி உள்ளே இறங்கி வெளிச்சத்தைக் குறைக்கும். ஜூம் பொத்தானை மெல்ல அழுத்தினால் மெல்ல, அழுத்தி அழுத்தினால் வேகமாக நகரும். மெனுவுக்குள் போனால் ஹெட் எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது என்று மீட்டரே இருக்கும். பழைய கேமரா வாங்குகிறவன் முதலில் அங்கேதான் போவான். விற்கிறவன் முதலில் காபி சொல்வான்.

இத்தனையும் சேர்ந்து அந்த கேமரா இரண்டு கைகளுக்குள் அடங்கியது. தொல்லையே அங்குதான் ஆரம்பம்.

ஆர்டர் பேசப் போன ஒரு வீட்டில், பெண்ணின் சித்தப்பா கேமராவைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"என்ன தம்பி, எங்க மச்சான் பையன் துபாய்லேர்ந்து கொண்டாந்திருக்கானே, அதே ஹேண்டிகேம்தானே இது? இதுக்கா இவ்ளோ ரேட்டு?"

"இல்லீங்கண்ணே, இதுல மூணு சி.சி.டி. இருக்கு."

"மூணோ முப்பதோ, பாக்க சின்னதால்ல இருக்கு. சம்பந்தி வீட்டுல நாலு பேரு பாப்பாங்கல்ல?"

வீடியோ கேமரா வாங்குவதைப் பற்றி எனக்குக் கிடைத்த முழுப் பாடமும் அந்த ஒரு வாக்கியத்தில் இருந்தது. படம் எடுக்க ஒரு கேமரா வேண்டும். ஆர்டர் எடுக்க ஒரு கேமரா வேண்டும். இரண்டும் ஒன்றாக அமைவது ஜாதகப் பொருத்தம் மாதிரி, பத்துக்கு ஆறு இருந்தாலே பெரிது. அதன்பிறகு என் கேமராவும் அலங்காரம் செய்துகொண்டது. முன்னால் அகலமான ஹூட், மைக்குக்கு முழங்கை நீளத்தில் பஞ்சு உறை, மேலே ஒரு லைட், பின்னால் பெல்ட்டில் கட்டிய பெரிய பேட்டரி, தோளில் தாங்க ஒரு கம்பிச் சட்டம். படத்தின் தரத்தில் ஒரு புள்ளி கூடவில்லை. ரேட் கூடியது.

கேமரா கம்பெனிக்காரர்களுக்கும் நம் சித்தப்பாக்களைத் தெரிந்திருக்கிறது. 2007இல் சோனி எச்.டி. 1000 என்று ஒன்றைக் கொண்டுவந்தது. தோளில் வைக்கிற பெரிய உடம்பு. உள்ளே ஒரே ஒரு சின்ன சீமாஸ் சில்லு. எங்கள் வட்டாரத்தில் அதற்குக் கிடைத்த வரவேற்பு கொஞ்சமல்ல. என் கேமராவை விட உயரமாக, எடுப்பாக, தோளுக்கு மேல் மிதந்துகொண்டு போகும். நான் மூன்று சில்லுகளோடு சுவரோரம் நின்று வழிவிடுவேன்.

ஒலிக்கும் அதே கதைதான். பி.டி. 170இல் நல்ல மைக்குகளைச் செருக எக்ஸ்.எல்.ஆர். துளைகள் இரண்டு, ஒலி அளவைக் கையால் வைத்துக்கொள்ளவும் வசதி உண்டு. கல்யாணத்துக்கு அது அவசியம். ஆட்டோவில் விட்டால், ஐயர் விரலை உயர்த்தி 'கெட்டிமேளம்' என்றதும் தவில் எழுப்பும் சத்தத்தில் கேமரா பயந்து மொத்த ஒலியையும் அமுக்கிவிடும். அடுத்த சில நொடிகளுக்கு மந்திரமும் கேட்காது, நாயனமும் கேட்காது. நான் காலையிலேயே நாயனக்காரர் பக்கத்தில் போய் நின்று அளவு பார்த்து வைப்பேன். அவ்வளவு பக்குவமாகப் பிடித்த ஒலியை எடிட்டிங்கில் உட்கார்ந்து முழுக்க எடுத்துவிட்டு, மேலே சினிமாப் பாட்டைப் போடுவோம். அதுதான் வழக்கம். தாலி கட்டும் இடத்தில் ஒரு பாட்டு, காலில் விழும் இடத்தில் இன்னொரு பாட்டு. தாமரை விரிந்து நடுவில் மணப்பெண் வருவார். இதயம் ஒன்று சுழன்று மாப்பிள்ளையாகும். இன்று ஐம்பது வயதைத் தாண்டிய ஒருவர் தன் கல்யாண கேசட்டை எடுத்துக்கொண்டு வந்து, "எங்கப்பா பேசுன குரல் இதுல எங்கயாச்சும் இருக்கான்னு பாருங்க" என்று கேட்கிறார். பாட்டு இருக்கிறது. குரல் இல்லை.

கேசட் கேமராவுக்கு வேறு சில குணங்களும் உண்டு. 60 நிமிட மினி டி.வி. கேசட்டை டி.வி.கேம் முறையில் ஓட்டினால் 40 நிமிடம்தான். அதனால் முகூர்த்தத்துக்கு முன், பாதி மிச்சமிருந்தாலும் கழற்றிப் புதுசு போட்டுவிடுவது தொழில் தர்மம். ஏ.சி. ரூமில் இரவு முழுக்க இருந்த கேமராவை அதிகாலை ஓமப் புகைக்கு நேராகக் கொண்டுவந்தால் உள்ளே ஈரம் கோத்துக்கொள்ளும்; திரையில் எச்சரிக்கை வரும், கேசட் சுற்றாது. கேசட்டை வெளியே எடுத்து, மூடியைத் திறந்துவைத்து ஒரு மணி நேரம் காத்திருங்கள் என்று கையேடு பணிவாகச் சொல்லும். முகூர்த்தம் ஆறிலிருந்து ஏழரை. ஐயருக்குக் கையேடு படிக்கத் தெரியாது.

இப்படியெல்லாம் காப்பாற்றிய படத்தைக் கடைசியில் என்ன செய்தோம்? வி.சி.டி.யில் போட்டுக் கொடுத்தோம். மூன்று சில்லு கேமரா ஒரு சட்டத்துக்கு 720க்கு 576 புள்ளி கொடுக்கும். வி.சி.டி.யில் இருப்பது 352க்கு 288. கணக்குப் போட்டால் கால் பங்கு. வளையலை வைத்து வாங்கிய தரத்தில் முக்கால் பங்கு, பத்து ரூபாய் தட்டில் ஏறும்போது இறங்கிப் போனது. வாடிக்கையாளர் அதைப் போட்டுப் பார்த்துவிட்டு, "கிளியரா இருக்கு தம்பி, பெரிய கேமரான்னா பெரிய கேமராதான்" என்றார். அவர் பார்த்தது கம்பிச் சட்டத்தை.

பிறகு கேசட் போனது, கார்டு வந்தது. 2008இல் கேனன் 5டி மார்க் 2 என்ற புகைப்படக் கேமராவில் எச்.டி. வீடியோ வந்ததும் எங்கள் தொழில் தலைகீழானது. பின்னணி மங்கி, முகம் மட்டும் பளிச்சென்று சினிமா மாதிரி தெரிந்தது. வெயிலுக்கு வடிகட்டி இல்லை, எக்ஸ்.எல்.ஆர். இல்லை, ஜூம் பொத்தான் இல்லை. தொழில் கேமராவுக்கு எதெல்லாம் வேண்டும் என்று நான் விரல் விட்டுக் கற்றிருந்தேனோ அதில் ஒன்றுகூட இல்லை. ஆனாலும் சந்தை அதன் பின்னால் போனது. ஒரு கோப்பு 4 ஜி.பி.யைத் தாண்டக்கூடாது என்பதால் எச்.டி.யில் 12 நிமிடத்தில் நின்றுவிடும். திரும்ப அழுத்த வேண்டும். அதற்குப் பிறகு வந்த பல கேமராக்களில் 29 நிமிடம் 59 நொடி. 30 நிமிடம் தொடர்ந்து பதிந்தால் ஐரோப்பியச் சுங்கத்துறை அதை வீடியோ கேமரா என்று சொல்லி வரி கூட்டிவிடும் என்பதால் கம்பெனிகள் ஒரு நொடி முன்னாலேயே நிறுத்தின. எங்கோ ஐரோப்பாவில் எழுதிய வரிச் சட்டம் கும்பகோணத்தில் மாங்கல்ய தாரணத்தின்போது கேமராவை அணைத்தது.

சீமாஸ் சில்லு படத்தை மேலிருந்து கீழாக வரி வரியாகப் படிக்கும். நடுவில் போட்டோகாரரின் ஃப்ளாஷ் அடித்தால் சட்டத்தின் பாதி வெளுத்து, பாதி இருட்டாக நிற்கும். பழைய சி.சி.டி.யில் சட்டம் முழுக்க ஒரு மின்னல் அடித்துப் போய்விடும், கண்ணுக்கு இயல்பாக இருக்கும். அதற்குப் பதிலாக சீரியல் பல்பு ஒவ்வொன்றுக்கும் மேலும் கீழும் ஒரு வெள்ளைக் கோடு இழுத்துத் தரும். ஒரு குறையைக் கொடுத்து இன்னொரு குறையை வாங்கிக்கொள்வதற்குத்தான் புது மாடல் என்று பெயர்.

இப்போது அக்கா மகன் முறை. கையில் இரண்டு லட்சம் இருக்கிறது. அதாவது, இரண்டு லட்சம் கடன் கிடைக்கும். எனக்கு அன்று தகவலே கிடைக்காது, ஒரு மடிப்புக் காகிதத்தைப் பத்துப் பேர் வைத்துப் படித்தோம். அவனுக்குத் தகவல் ஓய்வதே இல்லை. ஒவ்வொரு கேமராவையும் நாலு பேர் புகழ்ந்தும் நாலு பேர் திட்டியும் வீடியோ போட்டிருக்கிறார்கள். அவன் எட்டு பேரையும் பார்த்துவிட்டு என்னிடம் வருகிறான்.

"மாமா, எய்ட் பிட் வேஸ்ட் மாமா. டென் பிட்தான் எடுக்கணும்."

"எதுக்குடா?"

"கலர் மாமா. எய்ட் பிட்ல ஒரு நிறத்துக்கு 256 படி. டென் பிட்ல 1024."

"கல்யாணப் பொண்ணு எந்தப் படியில நிப்பா?"

அவன் பதில் சொல்லவில்லை. கணக்கு மட்டும் சரி. வானத்தின் நீலம் பட்டை பட்டையாக உடையாமல் இருக்க அந்தக் கூடுதல் படிகள் உதவும். 'லாக்' என்ற முறையில் படத்தைச் சாம்பல் பூத்த மாதிரி எடுத்து, பிறகு நிறம் ஏற்றுகிறார்கள். எடுக்கும்போது பக்கத்தில் நிற்கும் பெரியவர் திரையை எட்டிப் பார்த்து, "என்னப்பா வெளுத்துப் போயிருக்கு, நல்ல கேமரா கிடைக்கலியா?" என்பார். சித்தப்பாக்கள் சாகாவரம் பெற்றவர்கள்.

அவன் மனதில் இருப்பது 2022இல் வந்த சோனி எஃப்.எக்ஸ். 30. சினிமா வரிசையில் சேர்த்த கேமரா, டிபன் டப்பாவை விடச் சிறிது. கண்ணை வைத்துப் பார்க்க வ்யூஃபைண்டர் இல்லை, வெயில் வடிகட்டி உள்ளே இல்லை. எக்ஸ்.எல்.ஆர். வேண்டுமென்றால் கைப்பிடியோடு சேர்த்துக் கூடுதல் விலைக்கு வாங்க வேண்டும். நல்ல கேமரா, சந்தேகமில்லை. 1000 வாட் லைட் இல்லாமல் மணவறையை நிறைவாக எடுக்கும். பெரிய கேமரா வைத்திருந்தால் இப்போது, "நியூஸ்காரங்க மாதிரி வராதீங்க சார், கேண்டிடா இருக்கணும்" என்று பெண்ணே சொல்லிவிடுகிறது. நான் கம்பிச் சட்டம் கட்டி மறைத்த சின்ன உருவத்துக்கு இன்று மரியாதை. இருந்தாலும் அவன் பட்டியலில் கேமராவைச் சுற்றி மாட்ட ஒரு கூண்டு, ஒரு மானிட்டர், ஒரு கைப்பிடி எல்லாம் இருக்கின்றன. ரத்தம் எங்கே போகும்.

4கே படம் 100 மெகாபிட் வேகத்தில் பதிந்தால் மணிக்கு 45 ஜி.பி. என் கேசட் காலத்தில் மணிக்கு 13. மூன்று கேமராவை ஒரு நாள் முழுக்க ஓட்டினால் ஹார்டு டிஸ்க் செலவே தனி பட்ஜெட். அத்தனையும் எடுத்து, நிறம் ஏற்றி, ஒலி சேர்த்து முடித்ததும் குடும்பம் அதை வாட்ஸ்அப்பில் கேட்கிறது. அனுப்பினால் அது நசுங்கி, உள்ளங்கைத் திரையில் ஓடுகிறது. வி.சி.டி. தின்றது போக மிச்சத்தைத் தின்ன அது வந்திருக்கிறது. முழுப் படம் இருக்கும் ஹார்டு டிஸ்க், மாப்பிள்ளை வீட்டு பீரோவில் நகைப் பெட்டிக்குப் பக்கத்தில், நகையை விடக் குறைவாகவே வெளியே வருகிறது.

வடிவமும் கேட்கிறார்கள். ஒரு காலத்தில் நாலுக்கு மூன்று சட்டத்தில் எடுத்துக் கொடுத்தால், "எங்க டிவி அகலமா வாங்கியிருக்கோம், ரெண்டு பக்கமும் கறுப்பா வருது" என்று திருப்பிக் கொடுத்தார்கள். பதினாறுக்கு ஒன்பது வாங்கினோம். இப்போது ரீல்ஸ். ஒன்பதுக்குப் பதினாறு. அகலத்துக்காகக் கேமரா மாற்றியவர்கள் நீளத்துக்காக அதைப் பக்கவாட்டில் சாய்த்து மாட்டுகிறார்கள். ஆறு பேர் நிற்கும் குடும்பப் படத்தில் இரண்டரைப் பேர் தெரிகிறார்கள்.

என் பரணில் இருப்பவற்றைக் காட்டினேன். பி.டி. 170க்கு இன்று விலை கேட்டால் கடைக்காரர் சிரிக்கிறார். அதோடு வாங்கிய எல் வகை பேட்டரி, எஃப் 970, அவனுடைய புது எல்.ஈ.டி. லைட்டில் அப்படியே பொருந்தியது. மானிட்டருக்கும் அதே பேட்டரிதானாம். அன்று பில்லில் கடைசி வரியாக முனகிக்கொண்டே எழுதிய எண்ணெய்த் தலை ட்ரைபாட், இன்றைக்கும் கையை எடுத்தால் ஆடாமல் நிற்கிறது. சட்டைப் பட்டனில் மாட்டும் மைக் இன்னும் பேசுகிறது. கேமராவுக்கு ஆயுள் ஒரு மாடல். காலுக்கும் காதுக்கும் அப்படி இல்லை.

"அப்ப என்னதான் வாங்கட்டும், ஒரே வார்த்தையில சொல்லுங்க மாமா."

சொன்னேன். முதலில் ட்ரைபாட், மைக், இரண்டு நல்ல லென்ஸ், கார்டு, பேட்டரி. வெயிலுக்கு வடிகட்டி. மிச்சம் எவ்வளவோ அதற்கு ஒரு பாடி. போன வருஷத்து மாடலாக, ஒரே ஒருவர் கையில் இருந்த செகண்ட் ஹேண்டாக இருந்தாலும் குற்றமில்லை. சூடேறினால் தானே அணைந்துகொள்கிறதா என்று மட்டும் சித்திரை வெயிலில் ஒரு மணி நேரம் ஓட்டிப் பார்த்துவிடு.

அவன் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டான். கூட்டிப் பார்த்தான். பாடிக்குச் சேர வேண்டியது பாதியாகியிருந்தது.

"ஆனா மாமா, ஆர்டர் பேசப் போறப்ப என்ன கேமரான்னு கேப்பாங்களே?"

"கேட்டா கேமரா பேரைச் சொல்லாதே. விசிட்டிங் கார்டுல 'சினிமாட்டிக்'னு போட்டுக்கோ. அதுக்கு இ.எம்.ஐ. கிடையாது."